என் மாத்திரைகள் லயத்தில் இருந்தன

தலைவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் முன்னால் நின்று கத்தியபோது நான் மகளின் பள்ளிச் சட்டையை அடுப்புச் சூட்டில் காய வைத்துக்கொண்டிருந்தேன். மழை விடாமல் பெய்து, சுவரைத் தொட்டால் கை நனையும் நாட்கள் அவை. லயத்துக்கு நேர் பின்னால் தேயிலைக்குள் நிலம் வெடித்திருக்கிறது, கையை விட்டால் தோள் வரை போகிறது, இப்போதே எல்லோரும் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். அவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரையின் சொல்லைத் தட்டுகிறவர்கள்கூட அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். நான் எடுத்தது மகளின் புத்தகப் பை, அடையாள அட்டைகள் இருந்த பொலித்தீன் உறை, ஒரு போர்வை. அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைத் தூக்க மகள் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கந்தப்பளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தின் மேலாகவே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கடந்தோம். என் தோளையும் பின்னாலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் என்னை யாரும் தொட்டுப் பல வருடங்களாகியிருந்தன. திரும்பினால் கையை எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் நின்று சேலைத் தலைப்பைப் பிழியும்போதுதான் நினைவு வந்தது. மாத்திரைகளை விட்டுவிட்டு வந்திருந்தேன். லயத்தில் எங்கள் வீடான காம்பராவின் சுவர்த் தட்டில், பழைய பால்மா டின்னுக்குள், எலி அரிக்காதபடி மூடி வைத்திருந்தேன். கிளினிக்குக்குப் போய் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்து அதிக நாளாகவில்லை. டின் நிறைய இருந்தது.

அந்த மாத்திரை எனக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மகள் பிறந்து தவழத் தொடங்கிய காலத்தில் எனக்கு அந்த வருத்தம், அந்த நோய், வந்தது. பீலிக் குழாயில் வருகிற தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கவிடாமல் சண்டை போட்டேன். பிறகு தகரக் கூரைக்கு மேலே இரண்டு பேர் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் சமைத்தால் சமைக்கிறாள் என்றார்கள், அழுதால் அழுகிறாள் என்றார்கள். ஒருநாள் கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு, வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு உடப்புசல்லாவைப் பக்கம் காட்டு வழியே நடந்துவிட்டேன். தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர்கள் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். பிரம்படியின் தழும்பு முதுகில் இன்னும் இருக்கிறது. கடைசியில்தான் நுவரெலியா ஆஸ்பத்திரி. அங்கே எனக்கு வந்திருப்பது ஒரு வருத்தம் என்றும், அதற்கு மருந்து உண்டு என்றும் சொன்னார்கள். மருந்து எடுத்தேன். கை நடுங்கியது, உடம்பு பருத்தது, வாயில் எச்சில் ஊறியது. ஆனால் சில மாதங்களில் கூரை மறுபடியும் வெறும் கூரையாகிவிட்டது. மழை பெய்தால் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. அந்த நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் குணமானது தோட்டத்துக்குத் தெரியவில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வேலை கேட்டுப் போனால், வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்று கங்காணி நல்லவிதமாகவே சொல்லித் திருப்பி அனுப்புவார். கலியாண வீடுகளிலிருந்து எனக்குச் சோறு பார்சலில் வரும். வரச் சொல்லி அழைப்பு வராது. கோயில் திருவிழாவில் பால்குடம் எடுக்கக் கேட்டபோது, வழியில் போட்டு உடைத்துவிட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்றார்கள். என் கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். தீபாவளிக்கு வந்துகொண்டிருந்தவர் பிறகு அதற்கும் வரவில்லை. நான் கந்தப்பளையில் ஒரு மரக்கறி வியாபாரியிடம் கரட் கழுவும் வேலைக்குப் போனேன். பனித் தண்ணீரில் நின்று விரல்கள் மரத்துப்போகும் வேலை. ஆனால் அங்கே யாருக்கும் என் கதை தெரியாது. அங்கே நான் கரட் கழுவுகிற ஒரு பொம்பளை. பகலெல்லாம் மற்றப் பெண்களோடு சிரித்துப் பேசிவிட்டு, மாலையில் தோட்டத்துக்கு ஏறும்போது வாயை மூடிக்கொள்வேன்.

இடையில் ஒருமுறை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். முதலில் தூக்கம் போனது. பிறகு கூரைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதனால் மண்டபத்தில் நின்றபோது எனக்கு நடக்கப்போவது என்ன என்று படிப்படியாகத் தெரிந்திருந்தது.

மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக இடம் பிடித்தார்கள். நாங்கள் ஜன்னலோரமாகப் போர்வையை விரித்தோம். பக்கத்தில் பாய் விரித்திருந்த குடும்பம் கொஞ்ச நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. அந்த இடத்துக்கு வந்த இன்னொரு குடும்பம், அடுத்து யார் என்று பார்த்துவிட்டு நின்றபடியே திரும்பியது. சனம் நெருக்கியடித்த அந்த மண்டபத்தில் எங்களைச் சுற்றி மட்டும் சிமெண்டுத் தரை தெரிந்தது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் எதையும் பார்க்காதவள்போல ஈரப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது தலைவர் வந்தார். குழந்தைகள் பயப்படுகிறார்கள், பின்னால் ஆய்வுகூட அறை காலியாக இருக்கிறது, அங்கே எங்களுக்கு வசதியாக இருக்கும் என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதனால் எனக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. நான் போர்வையை மடித்தேன். மகள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்கம்மா. நான் இங்க பொம்பளப் புள்ளைங்களோட படுத்துக்கிறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆய்வுகூட அறையில் உயரமான மேசைகளும், உடைந்த கண்ணாடிக் குழாய்கள் கிடந்த ஒரு அலுமாரியும் இருந்தன. மேசைக்கு அடியில் படுத்தேன். அன்றைய மாத்திரை இல்லாமல் முதல் இரவு போனது.

மறுநாள் மழை கொஞ்சம் ஓய்ந்து பாலம் தெரிந்தது. டவுனுக்குப் போகிற பாதை பல இடங்களில் மண் விழுந்து மூடிவிட்டதாகச் சொன்னார்கள். லயத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது கிராம சேவகரின் உத்தரவு. ஆனாலும் போகத்தான் செய்தார்கள். பள்ளத்து லயத்துப் பெரியவர் ஒருவருக்குச் சீனி வருத்தம். அவருடைய மருந்தும் வீட்டில் மாட்டிக்கொண்டது. மருந்து இல்லாவிட்டால் மனுசன் மயங்கி விழுந்துவிடுவார் என்று தலைவரே இரண்டு இளைஞர்களை அனுப்பினார். நான் அந்த இளைஞர்களைப் பாலத்தடியில் பிடித்து, என் காம்பராவும் வழியில்தான், சுவர்த் தட்டில் டின், பச்சை மூடி என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். பெரியவரின் மருந்தோடும் யாருடையதோ கேஸ் சிலிண்டரோடும் திரும்பினார்கள். டின்னைக் கேட்டபோது ஒருவன் மற்றவனைப் பார்த்தான். தேடினோம், கிடைக்கவில்லை என்றான். தேடவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

தலைவரிடம் போனேன். மருந்து இல்லாமல் என்னால் இருக்க முடியாது, ஒரு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டேன். பாதை திறக்கட்டும் பார்க்கலாம் என்றார். பாதை திறக்கும்வரை தாங்காது என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போலிருக்கிறது. சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, தொடங்கிருச்சு" என்று யாரோ சொன்னது கேட்டது.

அன்றிலிருந்து நான் எது செய்தாலும் அது தொடக்கமாகவே பார்க்கப்பட்டது. வேகமாக நடந்தால் தொடக்கம். சும்மா உட்கார்ந்திருந்தால் தொடக்கம். சமையல் செய்யும் இடத்துக்குப் போய்க் கறிக்குக் கோவா நறுக்க உட்கார்ந்தேன். ஒரு பெண் கத்தியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, களைப்பாக இருப்பாய், போய்ப் படு என்றாள். மருந்தைக் கேட்பதுதான் நான் புத்தியோடு இருப்பதற்கு ஆதாரம். அதைக் கேட்கக் கேட்க, என் புத்தி பிசகிவிட்டதென்று உறுதியாகிக்கொண்டே போனது. இதிலிருந்து வெளியேற எனக்கு வழி தெரியவில்லை. பேசாமல் இருந்தாலும் குற்றம், பேசினாலும் குற்றம்.

எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் ஒரு அக்கா இருந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் என் நல்ல காலமும் கெட்ட காலமும் அவளுக்கு முழுதாகக் கேட்டிருக்கும். அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். தூக்கம் வரவில்லை அக்கா, இன்னும் இரண்டு நாள் போனால் பழையபடி காதில் கேட்கத் தொடங்கும், யாரிடமாவது சொல்லி அந்த டின்னை எடுத்துத் தாருங்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நம்பினேன். மாலையில் பார்த்தால், என் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டாள். பயத்தில் சொல்லியிருப்பாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மகள் வந்து ஆய்வுகூட வாசலில் நின்றாள்.

"அம்மா, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம இருக்கமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த நாள் கூரையில் மழை விழும்போது அது எழுத்துக்கூட்டுவதுபோல இருந்தது. சொற்கள் இன்னும் வரவில்லை. சொல்லாகப்போகிற சத்தம் அது. எனக்கு அது தெரியும். காதைப் பொத்திக்கொண்டு, இது மழை, இது தகரம், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மகள் வளர்ந்துவிட்டாள், இந்த முறை நான் கிளம்பினால் அவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பாள். அதை நினைத்தபோது செத்துப்போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆற்றுச் சத்தம் கிட்டத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்தேன். ஆற்றுப் பக்கம் போகவில்லை, லயத்துப் பக்கம் நடந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்த முற்பகல் நேரம். ஒளிந்து போகவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

பாலத்தைத் தாண்டி மேலே ஏறும்போது பாதை பாதையாக இல்லை. தேயிலைச் செடிகள் வேரோடு புரண்டு, சிவப்பு மண் குழம்பாகக் கிடந்தது. கால் முழங்கால் வரை புதைந்தது. செருப்பை மண்ணே வைத்துக்கொண்டது. லயத்தின் கடைசிக் காம்பராக்கள் இரண்டின் பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. என்னுடையது நின்றது. சுவரில் மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஒரு வெடிப்பு. உள்ளே அடுப்படியில் தண்ணீர். டின் தட்டிலேயே இருந்தது. பச்சை மூடி. வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற இடம்.

ஒரு மாத்திரையைப் போட்டு, மழைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். மிச்சத்தை ஒரு பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அப்போதுதான் கீழேயிருந்து கூப்பாடு கேட்டது.

நாலைந்து ஆண்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. மருந்து எடுக்க வந்தேன் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி சரி, வா என்று சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினார்கள். நான் ஆற்றில் விழப் போனதாகக் கீழே செய்தி பரவியிருந்தது. மலை எப்போது இறங்குமோ என்ற இடத்துக்கு அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற இத்தனை பேர் வந்தார்கள். என் மருந்தை எடுக்க ஒருவரும் வரவில்லை.

கட்டிய கையோடு பள்ளிக்கூட முற்றத்தைக் கடந்தேன். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் தாய்மாரின் பின்னால் ஒளிந்தார்கள். மகள் மண்டபத்துப் படியில் நின்றாள். நான் வழுக்கி விழுந்ததில் என் ஜாக்கெட்டிலிருந்து பை வெளியே வந்து மாத்திரை அட்டைகள் சேற்றில் சிதறின. தலைவர் அவற்றைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவையும் ஒரேயடியாக விழுங்கிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். என்னை ஆய்வுகூடத்தில் விட்டு, கயிற்றை அவிழ்த்து, வெளியே பூட்டினார்கள்.

கதவைத் தட்டினேன். கெஞ்சினேன். ஒன்றே ஒன்றை மட்டும் தினமும் கொடுங்கள், நீங்களே உங்கள் கையால் கொடுங்கள் என்றேன். வெளியில் யாரோ பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று விரட்டுவது கேட்டது. தட்டித் தட்டிக் கை வலித்தபோது கதவோடு சாய்ந்து உட்கார்ந்தேன். என்னிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. நல்ல வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

அப்போது முற்றத்தில் மகளின் குரல் கேட்டது.

"மாமா, அது எங்கம்மாவோட மருந்து. குடுங்க."

தலைவர் ஏதோ சொன்னார். ஒனக்குத் தெரியாது புள்ள என்பது மட்டும் காதில் விழுந்தது.

"எனக்குத்தான் தெரியும். அந்த மருந்த குடிக்கிற வரைக்கும் எங்கம்மா எனக்குச் சமைச்சுப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புறாங்க. சீனி வருத்தக்காரருக்கு ஓடிப்போயி எடுத்துக்கிட்டு வந்தீங்கதானே? எங்கம்மாவுக்கு ஏன் போகல?"

அவள் அழத் தொடங்கியிருந்தாள். அழுதுகொண்டே குடுங்க, குடுங்க என்று சொன்னாள். எவ்வளவு நேரம் சொன்னாள் என்று தெரியாது. பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் முகம் தெரிந்தது. அட்டைகளை அவள் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு ஒவ்வொன்றாகத்தான் தரவேண்டும் என்ற பேச்சில் தலைவர் கொடுத்திருக்கிறார். கதவைத் திறக்க மட்டும் சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மாலையில் கம்பி வழியாக மாத்திரையும் ஒரு போத்தல் தண்ணீரும் நீட்டுவாள். நான் விழுங்கும்வரை நிற்பாள். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். என் பிள்ளையிடம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்ற அந்தக் கணத்தைப்போல இன்னொன்றை நான் வாழ்க்கையில் தாங்கியதில்லை. ஆனால் அவள் உடனே போய்விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடத்தில் எது நனைந்துபோனது, எது வாசிக்க முடிகிறது என்று ஏதேதோ சொன்னாள்.

மழைச் சத்தம் மெல்ல மெல்ல மழைச் சத்தமானது.

அதற்குள் மலை முழுதாக இறங்கி எங்கள் லயத்தை மூடியது. பகலில் நடந்தது. ஆட்கள் யாரும் அங்கே இல்லாததால் உயிர்ச் சேதமில்லை. அந்தச் சத்தத்தை நான் பூட்டிய அறைக்குள் தனியாகக் கேட்டேன். நிஜமாகவே கேட்கிறதா, எனக்கு மட்டும் கேட்கிறதா என்று முதலில் தெரியவில்லை. மண்டபத்தில் எல்லோரும் ஓலமிட்டபோதுதான் நிஜம் என்று தெரிந்தது. எனக்கு வந்தது ஆறுதல். வீடு போனதற்கான துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பாதை ஒருவழியாகத் திறந்ததும் மருத்துவக் குழு ஒன்று வந்தது. இளவயது சிங்கள டொக்டர் ஒருவர், கூட மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் தாதி ஒருவர். பிரஷர், சீனி என்று வரிசையாகப் பார்த்தார்கள். மகள் போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். டொக்டர் எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்கு வந்து பூட்டைப் பார்த்தார். திறப்பு யாரிடம் என்று கேட்டார். தலைவர் எல்லாருடைய பாதுகாப்புக்கும்தான் என்று சிங்களத்தில் விளக்கினார். டொக்டர் கையை நீட்டினார். திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, என்னை வெளியே மற்றவர்களோடு வரிசையில் நிற்கச் சொன்னார். என் முறை வந்தபோது எல்லோருக்கும் பிடித்ததுபோலவே எனக்கும் கை நாடியைப் பிடித்தார். அரைகுறைச் சிங்களத்தில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, தூக்கம் வராதவர்கள், நெஞ்சு படபடக்கிறவர்கள், மலை இறங்குகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று மிஸ்ஸியைக் கொண்டு தமிழில் சொல்ல வைத்தார். ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய பார்வையும் என் மேல் வந்து நின்றது. வரிசை முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, பக்கத்துக் காம்பரா அக்கா தனியாகப் போய் டொக்டர் எதிரில் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. ஒன்றுகூடக் குறையவில்லை.

"கண்ண மூடினா மலை வருது புள்ள. பகல்லயும் காதுல இரையுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத குடிச்சா நானும் ஒன்ன மாதிரி ஆயிருவனா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைக் காட்டிக்கொடுத்தவள், என்னைக் கட்டி இழுத்து வந்தபோது முற்றத்தில் நின்று பார்த்தவள், இப்போது என் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள். சொல்ல நிறைய இருந்தது. என்னைப்போல ஆவதென்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியதைப் பார்த்தபோது கேட்க வரவில்லை.

"குடிங்க அக்கா. தூங்குவீங்க" என்றேன்.

குழாய்த் தண்ணீரில் அப்போதே ஒன்றை விழுங்கினாள். நான் கோப்பைகளை அடுக்கினேன். போகும்போது, யாருக்கும் சொல்லாதே என்றாள். சரி என்றேன். நான் சொல்லவுமில்லை.

நல்லதாகவே எல்லாம் முடிந்ததென்று நினைக்கவேண்டாம். தற்காலிகக் கொட்டில்கள் கட்டி இடம் பிரித்தபோது கூட்டம் வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். நான் எழுந்து, நானும் இதே தோட்டத்தில் பிறந்தவள், என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்ன பயம் என்று இப்போதே கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில் கடைசிக் கொட்டில். மகள் அங்கே சிம்னி விளக்கு வைத்துப் பரீட்சைக்குப் படித்தாள். தேறியதும் கொழும்புக்குப் போய்விடுவேன் என்று ஒருநாள் சொன்னாள். போ என்றேன். நீங்களும் வரவேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள். அது நடக்குமா என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை வந்தது வேறு விதத்தில். மண் விழுந்தபிறகு பல குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு டவுனுக்கும் கொழும்புக்கும் போய்விட்டன. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை. முன்பு வீட்டிலிரு என்று சொன்ன கங்காணியே கொட்டில் வாசலில் வந்து, நாளைக்குப் பெரட்டுக்கு வா என்றார். அவருக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை, கை போதவில்லை, அவ்வளவுதான். அது தெரிந்தேதான் போனேன். ஆளுக்கொரு தேயிலை நிரையாகப் பிரித்தபோது எனக்கு அடுத்த நிரையில் அக்கா வந்து நின்றாள். யாரும் சொல்லி வந்ததாகத் தெரியவில்லை. அன்று முழுக்கப் பேசவில்லை. என் நிரை பின்தங்கியபோது அவள் இந்தப் பக்கம் எட்டி என் செடிகளிலும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள்.

அவளுக்கும் டொக்டர் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார். தனியாகப் போகப் பயம். முழங்கால் வலிக்கு மருந்தெடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நான் போகிற பஸ்ஸிலேயே ஏறினாள். எனக்கு மூன்று இருக்கை முன்னால் போய் உட்கார்ந்தாள். கிளினிக் வாசலில் இறங்கியதும் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். எந்தக் கதவு, எங்கே நிற்பது, சிங்களத்தில் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்டாள். உள்ளே பெஞ்சில் நாங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டதும் என் கையை ஒருமுறை இறுக்கிவிட்டு எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது எங்கள் சந்திக்கு ஒரு தரிப்பு முன்னாலேயே மணியடித்து இறங்கிவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழியில் தேயிலைக்குள் ஏறிப் போவதை பஸ் ஜன்னலில் பார்த்தேன். என்னோடு வந்தது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று அந்த வழுக்குப் பாதையில் போகிறாள். சந்தியில் நான் மட்டும் இறங்கினேன். கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த மாதமும் அவள் வருவாளா என்று யோசித்துக்கொண்டே மேட்டில் ஏறத் தொடங்கினேன்.